கடைசிப்பெட்டி கேட்ட கேள்வி

கோவில்பதாகை
6 ஜூலை 2025

அன்புள்ள ராபியா அக்காவுக்கு,

மெஹக் எழுதும் ஸலாம். அம்மாவின் முட்டிவலியைத் தவிர இங்கே எல்லாரும் சுகம். உனக்கும் ஃபயாஸ் மச்சானுக்கும் மாமிக்கும் உடம்பு எப்படி இருக்கிறது? மேல்விஷாரத்துத் தண்ணீர் உன் தலைமுடிக்கு ஒத்துக்கொண்டதா என்று அம்மா கேட்கச் சொன்னார்கள்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். வீட்டில் இருப்பது அம்மாவின் போன் ஒன்றுதான். நீ அனுப்பும் குரல் செய்தியை அஜ்மல் அண்ணன் சத்தமாக வைத்துவிட்டு, "இன்னாமே உங்கக்கா, ஸ்டேஷன்ல அறிவிப்பு சொல்ற மாரியே பேசுது" என்று சிரிக்கிறான். உறையை ஒட்டி அனுப்பினால் நடுவில் யாரும் இல்லை. கல்யாணம் முடிந்து கிளம்பும்போது நீ கொடுத்தாயே, அந்தப் பச்சை மைப் பேனாவால்தான் எழுதுகிறேன்.

பிளஸ் ஒன் தொடங்கிவிட்டது. வாரம் ஒரு பாடவேளை நூலகம் கொடுத்திருக்கிறார்கள், அதுவே எனக்குப் போதும். மாலையில் அத்தாவின் ஜெராக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறேன். தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே தபால் வழியில் பட்டம் படிக்கிறவர்கள் நிறையப் பேர் வருகிறார்கள். விண்ணப்பத்தில் ஏதாவது சிக்கிக்கொண்டால் "தொலைவழித் தோழர்கள்" என்ற இணைய மன்றத்தில் தேடுவேன். அக்கா, அங்கே எழுதுகிறவர்களை என்ன செய்வதென்றே தெரியவில்லை. ஒருவர் "அது வந்துடுச்சா?" என்று கேட்கிறார். அடுத்தவர் "இங்க இன்னும் வரல" என்கிறார். மூன்றாமவர் "எனக்கு நேத்தே வந்துடுச்சு" என்கிறார். எது வந்தது என்று கடைசி வரை யாரும் சொல்லவில்லை. இன்னொருவர் நம் கடைக்கு வந்தவருக்கு இருந்த அதே சிக்கலை எழுதியிருந்தார். ஆசையாகக் கீழே போனால், "சரியாயிடுச்சு, நன்றி" என்று அவரே முடித்துவிட்டார். எப்படிச் சரியானது? அந்த ஆளைத் தேடிப் போய் உலுக்க வேண்டும் போலிருந்தது. அத்தாவோ, "அத்த படிச்சிக்கினு பல்ல கடிக்காதமா, கஸ்டமர் நிக்கிறாரு" என்கிறார்.

அதனால் நானே அங்கே சேர்ந்துவிட்டேன். என் பெயர் பச்சைப்பேனா. உன்னைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை.

போன ஞாயிறு அம்மாவோடு அண்ணனூரில் ரயிலேறினேன். நடைமேடையின் கோடி வரை போக அம்மாவின் முட்டி விடவில்லை. நடுப்பெட்டியில் நசுங்கிக்கொண்டு போனோம்.

பி.காம் மூன்றாம் வருஷத்தைத் தொலைவழியில் முடிக்க வைப்பதாக நிச்சயத்தன்று மாமி சொன்னார்களே, சேர்ந்துவிட்டாயா? நீ எங்கள் வீட்டில் இருந்து படித்தபோது வாங்கிய புத்தகங்கள் இங்கே பரண் மேல் இருக்கின்றன. அனுப்பட்டுமா?

உன் பதிலைப் பார்த்த பிறகுதான் அடுத்த கடிதம் என்று இருக்கிறேன், சீக்கிரம் எழுது.

உன் தங்கை,
மெஹக்


மேல்விஷாரம்
20 ஜூலை 2025

அன்புத் தங்கை மெஹக்குக்கு,

ஸலாம். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லாரும் நலம். சின்னம்மாவை முட்டிக்கு நல்லெண்ணெய் சூடு காட்டித் தேய்க்கச் சொல். தலைமுடி கொஞ்சம் கொட்டுகிறது, பயப்பட ஒன்றுமில்லை.

உன் கடிதம் என் கைக்கு வருவதற்கு முன் மாமியின் கைக்குப் போயிற்று. இந்த வீட்டில் தபாலை அவர்கள்தான் வாங்குவார்கள். அஸர் தொழுகை முடிந்து தேநீர் குடிக்கும் நேரத்தில் கூடத்தில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினார்கள். "அது வந்துடுச்சா" இடத்தில் மாமிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஷோக்கா எழுதுது இந்தப் பொண்ணு" என்று இரண்டு தடவை சொன்னார்கள். நீ எழுதும் ஒவ்வொன்றையும் அவர்களும் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்.

அந்த மன்றத்தில் யார் வேண்டுமானாலும் எழுதலாமா? பெயர் சொல்ல வேண்டாமா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

நன்றாகப் படி. அஜ்மலோடு சண்டை போடாதே. எல்லாருக்கும் என் ஸலாம்.

ராபியா


கோவில்பதாகை
9 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கும், இதை வாசிக்கப்போகும் மாமிக்கும்,

மெஹக்கின் ஸலாம். எல்லாருடைய சுகத்துக்கும் துஆ செய்கிறேன். அம்மாவின் முட்டி எண்ணெய்க்குக் கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறது.

மாமி என் கடிதத்தைக் கூடத்தில் வாசித்தார்கள் என்று படித்ததும் எனக்குக் கால் தரையில் படவில்லை. பள்ளி ஆண்டு மலருக்கு நான் கொடுத்த கட்டுரையைக்கூட யாரும் சத்தமாக வாசித்ததில்லை. அஜ்மல் அண்ணனிடம் சொன்னேன். "அப்ப உனுக்கு அங்க ஒரு ரசிகர் மன்றமே கீதுன்னு சொல்லு" என்றான். இனிமேல் இன்னும் நன்றாக எழுதுவேன்.

நீ கேட்டதற்குப் பதில். யார் வேண்டுமானாலும் எழுதலாம். புனைபெயர் போதும். ஒருவருக்கு மட்டும் தனியாகச் செய்தி அனுப்பவும் வழி உண்டு, அதை வேறு யாரும் பார்க்க முடியாது.

இன்னொரு நற்செய்தி. மன்றத்தை நடத்துகிறவர்கள் என்னைத் திருத்துநராகப் போட்டிருக்கிறார்கள். புரியாத கேள்வியைக் கேட்டவரிடம் விவரம் விசாரித்து, மற்றவர்களுக்கும் புரியும்படி நானே மாற்றி எழுதலாம். வேலை ஏராளம். "சார் ப்ளீஸ் ஹெல்ப்" என்று ஒருவர். அவ்வளவுதான் கேள்வி. எந்த சார், என்ன உதவி? இன்னொருவர் நாலு பக்கம் எழுதி, கேட்க வந்ததைக் கேட்காமலே போய்விட்டார். படிக்கிறவருக்கு மரியாதை கொடுக்காதவர்கள்தான் இப்படி எழுதுகிறார்கள் என்பது என் முடிவு. மனதில் தெளிவு இருந்தால் எழுத்தில் வராமல் போகுமா?

நான் படிப்பைப் பற்றிக் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. பார்த்தாயா, உன்னையும் திருத்த வேண்டியிருக்கிறது.

அன்பு மாறாத,
மெஹக்


மேல்விஷாரம்
24 ஆகஸ்ட் 2025

அன்புள்ள மெஹக்,

ஸலாம். நலம். வீட்டார் எல்லாரையும் நலம் கேட்டதாகச் சொல்.

திருத்துநர் ஆனதற்கு வாழ்த்து. மாமியும் சொல்லச் சொன்னார்கள்.

படிப்பைப் பற்றிக் கேட்டிருந்தாய். இங்கே எல்லாவற்றையும் மாமி பார்த்துச் செய்வார்கள். புத்தகங்கள் பரணிலேயே இருக்கட்டும்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். புரியாமல் எழுதுகிற எல்லாருக்கும் எழுதத் தெரியாது என்று நினைக்காதே.

ராபியா


கோவில்பதாகை
14 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். மாமிக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா? மச்சான் தோல் கம்பெனி வேலைக்கு ஒழுங்காகப் போய் வருகிறாரா? எனக்குக் காலாண்டுத் தேர்வு தொடங்கிவிட்டது. உன் கடிதம் இத்தனை சின்னதாக இருந்ததில் எனக்கு வருத்தம்தான். ஆனாலும் உன்னைச் சிரிக்க வைக்க என்னிடம் ஒன்று இருக்கிறது. மாமி, நீங்களும் கேளுங்கள்.

மன்றத்தில் கடைசிப்பெட்டி என்று ஒருவர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார். ரயில்வேக்காரராக இருப்பார் என்று நினைக்கிறேன், நம் பக்கத்தில்தான் அவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்களே. அவர் கேட்ட கேள்வியை எழுத்து மாறாமல் தருகிறேன்:

"ஒரு நம்பர் இருக்கு. அத மாத்தணும். ஆனா அந்த நம்பருக்குத் தெரியக் கூடாது. டிசம்பருக்கு முன்னாடி. முடியுமா?"

எண்ணுக்கு எப்படி அக்கா தெரியும்? அதற்குக் கண் இருக்கிறதா, காது இருக்கிறதா? கீழே வந்த பதில்களையும் கேள். "எந்த நம்பர்?" என்கிறார் ஒருவர். "வண்டி நம்பரா? ஆர்டிஓ போங்க" என்கிறார் அடுத்தவர். "எனக்கும் அதே பிரச்சினை" என்று ஒருவர், வழக்கம்போல. கேட்டவரோ அதற்குப் பிறகு ஆளையே காணோம். அடுத்த சனிக்கிழமைதான் வந்தார். "மன்னிக்கவும், சொல்ல முடியல" என்று ஒரு வரி எழுதிவிட்டு மறுபடி போய்விட்டார். சொல்ல முடியாவிட்டால் ஏன் கேட்க வேண்டும்?

அத்தாவிடம் காட்டினேன். "பாவம்மா, இன்னா கஷ்டமோ, உட்டுடு" என்றார். என்னால் விட முடியவில்லை. பச்சைப்பேனாவாகத் தனிச் செய்தி அனுப்பியிருக்கிறேன். எண் யாருடையது, யாருக்குத் தெரியக் கூடாது, ஏன், டிசம்பரில் என்ன என்று வரிசையாகக் கேட்டிருக்கிறேன். பார், இந்தக் கேள்வியை நான் எப்படிப் பளிங்கு மாதிரி ஆக்குகிறேன் என்று.

உடம்பைப் பார்த்துக்கொள்.

மெஹக்


மேல்விஷாரம்
5 அக்டோபர் 2025

என் செல்ல மெஹக்குக்கு,

ஸலாம். நான் மிக நலம். உன்னையும் சின்னம்மா, சாச்சா, அஜ்மல் எல்லாரையும் நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

அந்த ரயில்வேக்காரர் கதையைக் கேட்டு எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

இந்த மாதம் எனக்கு மனசு லேசாக இருக்கிறது. காரணம் உனக்குத் தெரியும். இங்கே மழை பிடித்துக்கொண்டது. நேற்று மாடியில் துணி எடுக்கப் போனவள் எடுக்காமல் நனைந்துகொண்டே நின்றேன், மாமி சத்தம் போட்டார்கள். நீ எவ்வளவு வளர்ந்துவிட்டாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நன்றாக இரு.

உன் அக்கா,
ராபியா


கோவில்பதாகை
19 அக்டோபர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். இங்கேயும் மழைதான். ஏரி நிரம்பிக்கொண்டிருக்கிறது. கடைவாசலில் மணல் மூட்டை போட்டிருக்கிறோம். அம்மாவுக்கு ஈரத்தில் மறுபடி முட்டி பிடித்துக்கொண்டது. நீ மழையில் நனைந்ததைச் சொன்ன கடிதத்தை நாலு தடவை படித்தேன். காரணம் எனக்குத் தெரியும் என்று எழுதியிருக்கிறாய், எனக்குத் தெரியவில்லை. அம்மாவிடம் கேட்டேன், "நல்ல சேதியா இருக்கும், தானா சொல்லுவா" என்று சிரிக்கிறார்கள். அதுவாக இருந்தால் மாஷா அல்லாஹ்.

இப்போது என் வெற்றியைக் கேள். கடைசிப்பெட்டி ரயில்வேக்காரர் இல்லை, ஒரு பெண். நான் கேட்ட எல்லாவற்றுக்கும் தனிச் செய்தியில் பதில் எழுதிவிட்டார். என்ன, கடைசியில் "உனக்குத் தெரிந்ததுதானே, நீயே பார்த்துச் செய்" என்று சம்பந்தமில்லாமல் ஒரு வரி. எனக்கு எப்படித் தெரியும்? அதை மட்டும் வெட்டிவிட்டேன். மற்றதைக் கோத்து அவருடைய கேள்வியை இப்படி மாற்றினேன். பழையதோடு வைத்துப் பார்:

"நான் தொலைவழியில் இறுதி ஆண்டு படிப்பவள், மணமானவள். சேரும்போது கணவரின் கைபேசி எண்ணைப் பதிவு செய்தோம். பிறகு மாமியார் வேண்டாம் என்றதால் படிப்பு நின்றுவிட்டது என்று வீட்டில் எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சனிக்கிழமைகளில் கைவேலை வகுப்புக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஆற்காட்டில் இருக்கும் படிப்பு மையத்துக்குப் போய் வருகிறேன். டிசம்பர் தேர்வுச் செய்திகள் கணவருக்குப் போகாதபடி, அவருக்கு ஓடிபியும் போகாதபடி, எண்ணை மாற்ற முடியுமா?"

இதில் ஒரு சொல் கூடுதலா, ஒரு சொல் குறைவா? அன்று இரவே ஒருவர் சரியான பதில் கொடுத்துவிட்டார். மையத்துக்கு நேரில் போய் அடையாள அட்டையோடு எழுதிக் கொடுத்தால் போதும், பழைய எண்ணுக்குச் செய்தி போகாது. அந்தப் பெண் "மாற்றிவிட்டேன்" என்று எனக்கு மட்டும் எழுதியிருந்தார். தெளிவாகக் கேட்டால் உலகத்தில் எதற்கும் பதில் கிடைக்கும் என்று இப்போதாவது ஒப்புக்கொள்.

பாவம்தான் அந்தப் பெண். எல்லாருக்கும் உன் மாமியைப் போல வாய்க்குமா? மாமி, இதை உங்களுக்காகவே மெனக்கெட்டு இரண்டு முறை நகல் எடுத்தேன். அடித்தல் திருத்தல் இல்லாமல் இருக்கிறதா?

பதிலுக்கு வழி பார்க்கும்,
மெஹக்


கோவில்பதாகை
30 நவம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். நீ சுகமாக இருக்க வேண்டும்.

என் கடிதம் கிடைக்கவில்லையோ என்று முதலில் நினைத்தேன். போன வாரம் அம்மா போன் செய்தபோது மாமிதான் எடுத்தார்கள். "கடுதாசியா, வந்துச்சே, நல்லா வந்துச்சு. ராபியா வேலையா இருக்கா" என்று சொல்லி வைத்துவிட்டார்கள். மறுநாளும் வேலையாக இருந்தாய். அஜ்மல் அண்ணன், "இன்னா, ரசிகர் மன்றம் கலைஞ்சு போச்சா" என்று கேட்டான்.

நான் என்ன தப்பு செய்தேன் என்று எழுதினால் திருத்திக்கொள்வேன். எழுதாமல் இருந்தால் எனக்கு எப்படித் தெரியும்? முன்பெல்லாம் நான் கேட்காமலே எல்லாம் சொல்வாய். கல்யாணம் ஆனால் இப்படித்தான் என்று அம்மா சொல்கிறார்கள். எனக்கு அது பெரிய துரோகமாகப் படுகிறது.

வேறு செய்தி இல்லை. கடைசிப்பெட்டியும் வருவதில்லை. உதவி கிடைத்ததும் போய்விட்டார், ஒரு நன்றி கிடையாது. நேற்று கடை எண்ணுக்கு ஒரு செய்தி வந்தது. "தங்கள் நுழைவுச்சீட்டு தயார்" என்று ஒரு பதிவெண் மட்டும். பெயர் இல்லை, ஊர் இல்லை. செய்தி அனுப்புகிற இலட்சணம் இது. யாரோ எண்ணை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்று அத்தா அழித்துவிட்டார்.

மெஹக்


மேல்விஷாரம்
14 டிசம்பர் 2025

மெஹக்குக்கு,

ஸலாம். நான் நலம். வீட்டில் அனைவரும் நலம். அங்கே அனைவர் நலமும் அறிய விருப்பம்.

வேலை அதிகம் இருந்ததால் எழுதவில்லை. நான் போய்க்கொண்டிருந்த ஆரி எம்பிராய்டரி வகுப்பை நிறுத்திவிட்டேன். போனும் அதிகம் பார்ப்பதில்லை, கண்ணுக்கு நல்லது.

நன்றாகப் படிக்கவும். பெரியவர்களுக்கு மரியாதை கொடுக்கவும்.

இப்படிக்கு,
ராபியா ஃபயாஸ்


வேலூர்
18 ஜனவரி 2026

மெஹக்,

கல்யாண வீட்டில் மாடியறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கீழே எல்லாரும் சாப்பிடுகிறார்கள். இந்த உறையை நானே தபால் பெட்டியில் போடுவேன். இதற்குப் பதில் எழுதாதே. அடுத்து நீ எழுதும் கடிதத்திலும் இதைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம்.

ஆரி வகுப்பு என்று படித்த பிறகாவது உனக்குப் புரிந்ததா?

கடைசிப்பெட்டி நான். அண்ணனூரில் நாம் இரண்டு பேரும் எப்போதும் கோடி வரை ஓடிப்போய் எந்தப் பெட்டியில் ஏறுவோம்? நீ எனக்குத்தான் ஜன்னலோர இடம் பிடித்து வைப்பாய். அந்தப் பெயரைப் பார்த்த நொடியில் உனக்குத் தெரிந்துவிடும் என்று நினைத்துத்தான் வைத்தேன். பச்சைப்பேனா நீ என்று எனக்குத் தெரியும். நான் யார் என்று உனக்கும் தெரியும் என்று இருந்தேன். நீ கேள்வி கேட்டு அனுப்பியபோது, என் தங்கை விளையாட்டு போலக் காட்டிக்கொண்டு எனக்குக் கை கொடுக்கிறாள் என்று மையத்துக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அழுதேன். அந்தச் சந்தோஷத்தில்தான் எல்லாம் சொன்னேன். புது எண்ணாகச் சாச்சாவின் கடை எண்ணைக் கொடுத்தேன். உனக்குச் சொல்லவில்லை, உனக்குத்தான் தெரியுமே என்று.

உன் செப்டம்பர் கடிதத்தைக் கூடத்தில் வாசித்தபோது எல்லாருடனும் நானும் சிரித்தேன். நம்பருக்குக் கண்ணா காதா என்று அவர்களுக்கும் புரியவில்லை. புரியாதபடி எழுதியதால் அன்று தப்பினேன். அக்டோபர் கடிதத்தையும் மாமி அதே மாதிரி சிரித்துக்கொண்டுதான் தொடங்கினார்கள். நீ திருத்தி எழுதிய இடம் வந்தது. "சனிக்கிழமைகளில்" என்ற இடத்தில் குரல் இறங்கியது. "ஆற்காட்டில்" என்றதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி முதலிலிருந்து வாசித்தார்கள். பிறகு காகிதத்தை மடித்து உன் மச்சான் கையில் கொடுத்தார்கள். "நம்ம வூட்டு சேதி, அம்பத்தூர் ஆவடி வரைக்கும் போயிட்டு நம்ம வூட்டுக்கே வந்துகீது" என்று மட்டும் சொன்னார்கள். என்னிடம் யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, மெஹக். கேட்க வேண்டிய எதையும் நீ பாக்கி வைக்கவில்லை.

அவர் திட்டவில்லை. என் போனை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். டிசம்பர் கடிதம் மாமி சொல்லச் சொல்ல எழுதியது. தேர்வு நடந்த நாட்களில் நான் மாடியில் வடகம் காயவைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த வீட்டில் கடிதம் எல்லாரும் கேட்கிறார்கள் என்று ஜூலையிலேயே உனக்கு எழுதினேன். நீ அதில் மாமி உன்னைப் பாராட்டியதை மட்டும் படித்தாய். ஊரில் யார் யாரோ எழுதுவது புரியவில்லை என்று பல்லைக் கடிக்கிறாயே, நான் எழுதியதை ஒரு நாளாவது படித்தாயா? "உனக்குத் தெரிந்ததுதானே" என்ற வரியை வெட்டிவிட்டேன் என்று எனக்கே எழுதினாய். நான் எழுதியதில் அந்த ஒரு வரிதான் உனக்காக எழுதியது.

நன்றி சொல்லாமல் போய்விட்டதாக வருத்தப்பட்டிருந்தாய். இப்போது சொல்கிறேன். நன்றி.

ராபியா


கோவில்பதாகை
22 பிப்ரவரி 2026

அன்புள்ள அக்காவுக்கும் மரியாதைக்குரிய மாமிக்கும்,

ஸலாம். இங்கே நோன்பு தொடங்கி நல்லபடியாகப் போகிறது. அங்கே எல்லாரும் சுகமாக நோன்பு பிடிக்கிறீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவுக்கு முட்டி அப்படியேதான். அத்தாவும் அண்ணனும் சுகம்.

ஜனவரியிலேயே எழுத உட்கார்ந்தேன். ஒன்றும் சரியாக வரவில்லை. கொஞ்ச நாளாக எனக்கு எழுத்தே ஓடுவதில்லை. மன்றத்தில் செய்துகொண்டிருந்த வேலையை விட்டுவிட்டேன். அங்கே நான் எழுதி வைத்திருந்த ஒன்றை எடுக்கச் சொல்லிக் கேட்டேன், எடுத்துவிட்டார்கள். எடுத்து என்ன ஆகப்போகிறது? போன வாரம் அம்மாவை மெதுவாக நடத்திப் போய் நடைமேடையின் கோடி பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு வெறுமனே நின்றுகொண்டிருந்தேன். ரயில் வந்தது. ஏறவில்லை. "இன்னாடி ஆச்சு உனுக்கு" என்று அம்மா கேட்டார்கள்.

கடையில் ஒன்று இருக்கிறது. அது முன்பு ஒரு முறை வந்து போய்விட்டது. யாருடையது என்று அப்போது தெரியவில்லை. இப்போது தெரியும். இனிமேல் வந்தால் போகாது, நான்தான் பக்கத்தில் உட்காருகிறேன். வேறு யாரும் தொடுவதில்லை. அது மறுபடி உண்டு, மழைக்கு முன்னால். அதற்கு வேண்டியதை ஒருவர் கட்டிவிட்டார். இடம் பக்கத்திலேயே, நடந்து போகிற தூரம். கேட்காமல் செய்தது தப்பாக இருக்கலாம். வேண்டாம் என்றால் சும்மா இருந்துவிட்டால் போதும், அது தானாகவே போய்விடும். பரணில் இருந்தவற்றைத் துடைத்து என் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன், கரையான் வரக் கூடாது என்று.

அஜ்மல் அண்ணனுக்குப் பெண் பார்த்தாயிற்று. பூந்தமல்லிப் பெண். பக்ரீத் முடிந்து ஜூனில் நிக்காஹ். முதல் பெண்பிள்ளை என்று வீட்டில் இருப்பது ராபியா அக்காதான், பத்து நாள் முன்னாலேயே அனுப்பி வைக்க வேண்டும் என்று அம்மாவும் அத்தாவும் மாமியிடம் நேரில் வந்து கேட்பார்கள். அந்தச் சமயத்தில் இங்கே நிறைய வேலை இருக்கும். காலை நேரத்தில்தான் அதிகம்.

இதற்கு மேல் எழுதத் தெரியவில்லை. எழுதத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்ததை எல்லாம் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அடித்தல் திருத்தல் நிறைய இருக்கிறது, மாமி மன்னிக்க வேண்டும்.

மெஹக்


மேல்விஷாரம்
29 மார்ச் 2026

மெஹக்குக்கு,

ஸலாம். பெருநாள் நல்லபடியாக நடந்தது. எல்லாரும் நலம்.

உன் கடிதத்தை மாமி கூடத்தில் வாசித்தார்கள். பாதியில் நிறுத்திவிட்டு, "இன்னா எழுதிகீது இந்தப் பொண்ணு, தலையும் புரியல வாலும் புரியல. முன்னெல்லாம் எவ்ளோ தெளிவா எழுதும்" என்று என்னிடம் கொடுத்துவிட்டார்கள். நிக்காஹ்வுக்கு அனுப்புவதைப் பற்றிப் பெரியவர்கள் பேசி முடிவு செய்வார்கள்.

நானும் படித்தேன். எனக்கும் ஒன்றும் புரியவில்லை.

இனிமேல் இப்படியே எழுது.

ராபியா